எண்ணெய் வடியும் முகம், கன்னத்தில் மங்கு, ஓயாத வியர்வை: எந்த சன்ஸ்கிரீன், எவ்வளவு, எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 32, மாநிறம், எண்ணெய் வடியும் முகம். இரண்டாவது குழந்தை பிறந்ததிலிருந்து கன்னம் இரண்டிலும் மங்கு, அதாவது கருந்திட்டு. மதுரையில் தினமும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போய் வருகிறார். ஆறு மாதமாக எஸ்.பி.எஃப். 50 போட்டும் மங்கு குறையவில்லை. போட்டால் முகம் சாம்பல் பூத்த மாதிரி தெரிகிறது, வியர்த்தால் கண் எரிகிறது, நெற்றியில் பொடிப் பொடியாகப் பரு. 70, 100 என்று நம்பரை ஏற்றினால் சரியாகுமா என்று கேட்கிறார்.

ஏற்ற வேண்டாம். உங்கள் சிக்கல் நம்பரில் இல்லை. போடும் அளவிலும், அந்த டியூப் எந்த ஒளியைத் தடுக்கிறது என்பதிலும்தான் இருக்கிறது.

எஸ்.பி.எஃப். என்பது பெரும்பாலும் யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிருக்கான கணக்கு, அதாவது தோலைச் சிவக்க வைத்துப் பொசுக்கும் கதிர். எஸ்.பி.எஃப். 30 அதில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 சுமார் 98, 100 சுமார் 99. ஏட்டில் இவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஆய்வகத்தில் இந்த எண்ணைக் கண்டுபிடிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசுகிறார்கள். வீட்டில் நாம் பூசுவது பெரும்பாலும் அதில் பாதிகூட இருப்பதில்லை. பாதி அளவு பூசினால் 50 என்பது 25 ஆகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தேய்த்தால் கிடைப்பது ஒற்றை இலக்கப் பாதுகாப்பு.

முகத்தின் பரப்பு சுமார் 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் முகத்துக்கு மட்டும் 1.2 கிராம் வேண்டும். காதும் கழுத்தின் முன்புறமும் சேர்ந்தால் ஒன்றரை கிராமுக்கு மேல் போகும். தராசு தேவையில்லை. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கோடு பிதுக்குங்கள். அந்த இரண்டு கோடுதான் ஒரு வேளை அளவு. ஒழுங்காகப் போடுகிறோமா என்று பார்க்க எளிய சோதனை டியூப்பே தருகிறது. தினம் ஒரு முறை ஒன்றரை கிராம் என்றால் 50 கிராம் டியூப் சுமார் 33 நாளில் தீர வேண்டும், இரண்டு முறை போட்டால் பதினாறு பதினேழு நாளில். ஒரே டியூப் நான்கு மாதம் வருகிறது என்றால், அதில் என்ன நம்பர் அச்சடித்திருந்தாலும் உங்கள் முகத்துக்கு அது கிடைக்கவில்லை.

இதனால்தான் விலையும் முக்கியம். மாதம் ஒரு டியூப் வாங்கக் கட்டுபடியாகாத விலையில் எடுத்தால் கை தானாகவே சிக்கனம் பிடிக்கும். நடுத்தர விலையில் ஒன்றை வாங்கித் தாராளமாகப் போடுவதுதான் நல்லது.

இனி மங்குக்கு வருவோம். யு.வி.பி. மட்டுமே எதிரி என்றால் உங்கள் பழைய டியூப்பே ஓரளவு உதவியிருக்கும். மங்கைக் கிளறுவதில் யு.வி.ஏ. என்ற இன்னொரு புற ஊதாக் கதிருக்குப் பெரும் பங்கு உண்டு. 315 முதல் 400 நானோமீட்டர் வரையிலான இந்தக் கதிர் தோலுக்குள் ஆழமாக இறங்கும், மேகத்தையும் சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் கடந்து வரும். கண்ணாடி யு.வி.பி.யைப் பெருமளவு நிறுத்திவிடுவதால் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்குத் தோல் எரியாது, அதனால் பாதுகாப்பாக இருப்பதாகத் தோன்றும். மங்கு மட்டும் கருத்துக்கொண்டே போகும். அட்டையில் யு.வி.ஏ. பாதுகாப்பைக் காட்டுவது பி.ஏ. குறியீடு. ஜப்பானில் தோன்றிய இந்த முறையில் மூன்று கூட்டல் குறி இருந்தால் பாதுகாப்பு எண் 8 முதல் 16 வரை, நான்கு இருந்தால் 16-க்கு மேல். மங்கு உள்ளவர்கள் நான்கு குறி உள்ளதை எடுக்கலாம். ஐரோப்பிய முறைப்படி அச்சடித்த டியூப்களில் வட்டத்துக்குள் யு.வி.ஏ. என்று போட்டிருப்பார்கள். யு.வி.ஏ. பாதுகாப்பு எஸ்.பி.எஃப். எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறது என்று அதற்குப் பொருள்.

நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களிடம் பலரும் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று இருக்கிறது. மாநிறத் தோலிலும் கருமையான தோலிலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியே, குறிப்பாக ஊதா நீலப் பகுதி, கருமையை உண்டாக்குகிறது. வெளிர் தோலில் அவ்வளவாக நடக்காத இது நம் தோலில் நடக்கிறது, நாள்கணக்கில் நிற்கிறது. சாதாரண சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப். 100 ஆனாலும், இந்த ஒளியைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். தடுக்க வல்லது அயர்ன் ஆக்சைடு என்ற நிறமி. தோல் நிறம் கலந்த, டின்டட் என்று எழுதியிருக்கும் சன்ஸ்கிரீன்களில் அது இருக்கும். உட்பொருள் பட்டியலில் அயர்ன் ஆக்சைடு என்றோ, சி.ஐ. 77491, 77492, 77499 என்ற எண்களாகவோ தேடுங்கள். மூன்றும் இருந்தால் நல்லது: சிவப்பு, மஞ்சள், கறுப்பு சேர்ந்தால்தான் மாநிறத்துக்குப் பொருந்தும் நிறம் வரும். அதோடு உங்கள் இரண்டாவது குறையும் தீர்ந்துவிடும், சாம்பல் பூத்தது போலத் தெரியாது. வாங்கும்போது கையின் மேற்புறத்தில் தடவிப் பார்க்காதீர்கள், தாடை ஓரத்தில் தடவிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

மொபைல் வெளிச்சத்தால் மங்கு வரும் என்று பயமுறுத்தி விற்கும் கிரீம்களுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். திரையிலிருந்து வரும் ஒளி, வெயிலோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.

கறுப்புத் தோலுக்கு சன்ஸ்கிரீன் எதற்கு என்ற கேள்வி எப்போதும் வருகிறது. தோல் வெயிலுக்கு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை வைத்துத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975-இல் ஒரு வகைப்பாட்டைத் தொடங்கினார். இன்றைய ஆறு வகையில் நம்மவர்கள் பெரும்பாலும் நான்கு, ஐந்து, ஆறில் வருவோம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் நம்மைப் பொசுங்காமல் ஓரளவு காக்கிறது, தோல் புற்றுநோய் அபாயமும் வெள்ளையர்களைவிட நமக்குப் பல மடங்கு குறைவு. இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதே மெலனின்தான் மங்காகவும், பரு ஆறிய பிறகு மாதக்கணக்கில் நிற்கும் கரும் தழும்பாகவும், நெற்றியோரக் கருமையாகவும் தேங்குகிறது. நமக்கு சன்ஸ்கிரீன் முதலில் இதற்காகத்தான். மங்கும் இல்லை, பருத் தழும்பும் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறீர்கள், ஜன்னல் வெயிலும் படவில்லை என்றால் போட்டே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

எந்தத் தோலுக்கு எந்த வகை என்பதைப் பார்ப்போம். உங்கள் தோல் எது என்று சந்தேகமானால், சோப்பு இல்லாத மென்மையான ஃபேஸ்வாஷில் முகம் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் மின்விசிறிக் காற்றில் இருங்கள். பிறகு டிஷ்யூ தாளை நெற்றி, மூக்கு, கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள். எல்லா இடத்திலும் எண்ணெய் ஒட்டினால் எண்ணெய்த் தோல், நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் என்றால் கலப்பு, எங்கும் ஒட்டாமல் தோல் இழுத்துப் பிடித்தால் வறண்ட தோல். மே மாத மதியம் ஏசி இல்லாத அறையில் செய்தால் எல்லோருக்கும் எண்ணெய்த் தோல் என்றுதான் வரும், காலையில் செய்யுங்கள்.

எண்ணெய்த் தோலுக்கு ஜெல், அல்லது தண்ணீர் போல ஓடும் ஃபுளூயிட். இவற்றில் ஆல்கஹாலும் லேசான சிலிகோன்களும் இருப்பதால் சட்டென்று காயும். சிலிக்கா கலந்திருந்தால் எண்ணெயை உறிஞ்சி மினுமினுப்பைக் குறைக்கும். காமடோஜெனிக் அல்லாதது (தோல் துளையை அடைக்காதது) என்ற சொல்லை நம்பி மட்டும் வாங்காதீர்கள். அதற்குக் கட்டாயமான பொதுச் சோதனை எதுவும் இல்லை. ஒரு வாரம் ஒரு பக்கத் தாடையில் மட்டும் போட்டுப் பாருங்கள். பரு வருமா என்பதற்கு அதைவிட நல்ல பதில் அட்டையில் கிடைக்காது.

வறண்ட தோலுக்கு கிரீம் வடிவம். கிளிசரின், செராமைடு, ஹயலூரானிக் ஆசிட் இருந்தால் நல்லது. ஆல்கஹால் டினேச்சர்டு என்பது பட்டியலின் முதல் மூன்று நான்கு பெயர்களில் இருந்தால் தவிர்த்துவிடுங்கள். கலப்புத் தோலுக்கு லோஷன் போதும், மாய்ஸ்சரைசரைக் கன்னத்தில் மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

எரிச்சல் தோல் சற்று விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம். எதைப் போட்டாலும் சுருசுருவென்று எரிகிறது, சிவக்கிறது என்பவர்கள் வாசனை சேர்க்காத, ஜிங்க் ஆக்சைடு மட்டும் உள்ள மினரல் வகையில் தொடங்குங்கள். டைட்டானியம் டை ஆக்சைடு மட்டும் இருந்தால் நீண்ட அலைநீள யு.வி.ஏ.வுக்கு அது போதாது. மினரல் வகை கண்ணாடி போலக் கதிரைத் திருப்பி அனுப்புகிறது என்ற பேச்சு பாதி உண்மைகூட இல்லை: அதுவும் பெரும்பகுதியை உறிஞ்சியே தடுக்கிறது. அதன் நன்மை, அது தோலோடு வினைபுரிந்து எரிச்சல் தருவது அரிது என்பதுதான். குறை, வெள்ளைப் பூச்சு. அதற்கும் நிறமி கலந்ததே வழி. கெமிக்கல் வகையில் ஏவோபென்ஸோன் என்ற ஃபில்டர், அதாவது கதிரைத் தடுக்கும் பொருள், யு.வி.ஏ.வை நன்றாகத் தடுக்கும், ஆனால் தனியாக இருந்தால் வெயிலிலேயே சிதையும். கூடவே ஆக்டோக்ரைலீனோ பெமோட்ரிஸினாலோ ஆகிய வேறு ஃபில்டர் இருந்தால் தாக்குப்பிடிக்கும். ஏவோபென்ஸோனும் ஆக்டினாக்ஸேட்டும் மட்டும் சேர்ந்திருப்பது மோசமான ஜோடி, ஒன்றை ஒன்று சிதைத்துவிடும். பெமோட்ரிஸினால் உள்ள புதிய ஃபார்முலாக்கள் நிலையானவை, பல நாடுகளில் கிடைக்கின்றன.

வெண்புள்ளி உள்ள இடத்தில் மெலனின் இல்லாததால் நம் ஊர் வெயிலில் பத்துப் பதினைந்து நிமிடத்திலேயே பொசுங்கக்கூடும். அங்கே எஸ்.பி.எஃப். 50 அவசியம். சுற்றியுள்ள தோலும் கருக்காமல் இருந்தால் திட்டு எடுத்துத் தெரிவதும் குறையும். ஸ்டிக்கர் பொட்டு ஒட்டும் இடத்தில் வெள்ளை விழுந்தால் அது பசையிலுள்ள ரசாயனத்தால் இருக்கலாம். பொட்டை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள், அதுவரை அந்த இடத்தையும் சன்ஸ்கிரீனால் மூடுங்கள்.

போடும் விதம். முகம் கழுவி ஒற்றித் துடையுங்கள். சீரம் போடுவதாக இருந்தால் அது முதலில், மாய்ஸ்சரைசர் அடுத்து, சன்ஸ்கிரீன் கடைசி, அதன் மேல்தான் மேக்கப். உங்களைப் போல எண்ணெய்த் தோல் என்றால் காலையில் மாய்ஸ்சரைசரை விட்டுவிடலாம். சன்ஸ்கிரீனில் இருக்கும் ஈரப்பதமே போதும். இரண்டு விரல் அளவையும் ஒரேயடியாகப் போட்டால் வழியும், திரியும். ஒரு விரல் அளவைப் புள்ளி புள்ளியாக வைத்து மெதுவாகப் பரப்புங்கள். ஓரிரண்டு நிமிடம் கழித்து அடுத்த விரல். அழுத்தித் தேய்க்க வேண்டாம், மங்கு உள்ள தோலில் உரசலே கருமையைக் கூட்டும். காது மடல், புருவத்துக்கு மேல் முடி எல்லை, மூக்கின் பக்கவாட்டு, கழுத்தின் இரு பக்கம், உதடு, இவைதான் வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள். உதட்டுக்கு எஸ்.பி.எஃப். உள்ள லிப் பாம் தனியாக. வெளியே இறங்க 15 நிமிடம் முன்பே போட்டுவிடுங்கள். படலம் சீராகக் காய அந்த நேரம் வேண்டும்.

போட்டதும் அழுக்கு போல உருண்டு திரிந்தால், கீழே போட்ட சீரமோ கிரீமோ காயவில்லை அல்லது அடுக்கு கூடிவிட்டது. சன்ஸ்கிரீனை ஃபவுண்டேஷனோடு உள்ளங்கையில் கலந்து பூசாதீர்கள், படலம் ஒட்டுப்போட்டது போல ஓட்டை விழுந்துவிடும். எஸ்.பி.எஃப். 15 மாய்ஸ்சரைசரும் 30 சன்ஸ்கிரீனும் சேர்ந்து 45 ஆகிவிடாது.

கண் எரிச்சல் ஏவோபென்ஸோன் போன்ற கெமிக்கல் ஃபில்டர்கள் வியர்வையோடு கண்ணுக்குள் இறங்குவதால் வருகிறது. நெற்றியில் கீழ்ப்பகுதிக்கும் கண்ணைச் சுற்றியும் ஜிங்க் ஆக்சைடு ஸ்டிக்கைப் பயன்படுத்துங்கள், மெழுகு கலந்ததால் வழியாது. முகத்தின் மற்ற இடங்களுக்கு வாட்டர் ரெசிஸ்டன்ட் வகை எடுங்கள். அமெரிக்க விதிப்படி அந்தச் சொல் 40 அல்லது 80 நிமிடம் தண்ணீரில் தாங்கும் என்று மட்டுமே சொல்கிறது, நாள் முழுக்க என்றல்ல.

நெற்றிப் பொடிப் பருவுக்கு சன்ஸ்கிரீனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து ஹெல்மெட் மாட்டினால், எண்ணெயும் வியர்வையும் இறங்கி நெற்றி ஓரத்தில்தான் தேங்கும். எண்ணெய் வைப்பதை இரவோடு வைத்து, காலையில் அலசிவிட்டு இரண்டு வாரம் பாருங்கள். ஹெல்மெட்டின் உள்பஞ்சையும் துவையுங்கள். எல்லாப் பருவும் ஒரே அளவில் இருந்து அரிக்கவும் செய்தால் அது பூஞ்சையாக இருக்கக்கூடும், அதற்கு மருந்து வேறு.

திரும்பப் போடுவது எப்போது? வெளியில் நிற்பவர்கள், நடப்பவர்கள், வண்டியில் சுற்றுபவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. அலுவலகத்துக்குள் ஜன்னலை விட்டுத் தள்ளி உட்காருபவருக்குக் காலையில் ஒன்று, மாலை வெயிலில் கிளம்புவதற்குமுன் ஒன்று போதும். இடையில் மதிய வெயிலில் சாப்பிடப் போனால் அதற்கு முன்பும் ஒன்று. வியர்வை மேலேயே பூசினால் ஒட்டாது. பருத்திக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்துவிட்டு ஒரு விரல் அளவாவது புதிதாகப் போடுங்கள். மேக்கப் மேல் போட ஸ்டிக் வசதி, ஆனால் ஒரே இழுப்பு போதாது, ஒவ்வொரு இடத்திலும் நான்கு முறையாவது இழுக்க வேண்டும். பவுடர் சன்ஸ்கிரீனைக் கூடுதல் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேவையான அளவுக்கு அதைக் கொட்டினால் முகம் தாங்காது.

துப்பட்டா கட்டுவது நல்ல பழக்கம், நெருக்கமான நெசவாக இருந்தால். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் தெரியும் மெல்லிய வெளிர் துணி அவ்வளவு காக்காது. துணி உரசி சன்ஸ்கிரீனையும் எடுத்துவிடும் என்பதால் இறங்கியதும் முகத்தைப் பாருங்கள். கைக்கு முழுக்கைச் சட்டையோ கையுறையோ சன்ஸ்கிரீனைவிட மலிவு, மேல். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் கதிர் கடுமையானது என்று கொள்ளுங்கள். நம் ஊரில் மார்கழியிலும் நண்பகலுக்கு இது பொருந்தும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிர்கிறதே என்று விட்டுவிடுபவர்கள் கருத்துத் திரும்புவதற்குக் காரணம் உயரம்: ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல். கடற்கரையில் மணலும் நுரையும் கீழிருந்து திருப்பி அடிக்கும், குடை மட்டும் போதாது. கொசு விரட்டி பூச வேண்டியிருந்தால் சன்ஸ்கிரீன் முதலில், அது காய்ந்த பிறகு கொசு விரட்டி.

இரவில் சன்ஸ்கிரீனைக் கழற்றுவதில் அலட்சியம் இருந்தால் பரு வரக்கூடும். வாட்டர் ரெசிஸ்டன்ட் வகை ஒரு தரம் ஃபேஸ்வாஷ் போட்டால் போகாது. பஞ்சை மைசெல்லர் வாட்டரில் (மேக்கப் கழற்றும் திரவம்) நனைத்து, பஞ்சில் நிறம் ஒட்டாமல் போகும்வரை ஒற்றி எடுத்து, பிறகு மென்மையான ஃபேஸ்வாஷ். கடலை மாவு, ஸ்கிரப் என்று சொரசொரப்பாக எதையும் மங்கின் மேல் தேய்க்காதீர்கள்.

எலுமிச்சைச் சாறு தடவும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். எலுமிச்சை வகைகளில் உள்ள ஃபியூரோகூமரின் என்ற பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளமும் அதன்பின் மாதக்கணக்கில் போகாத கருமையும் வரும். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக், பருவுக்கான ஐசோட்ரெடினாயின், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகியவை தோலை வெயிலுக்கு எளிதில் இரையாக்கும். இவற்றை எடுப்பவர்கள் சன்ஸ்கிரீனில் சமரசம் செய்யக்கூடாது. மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

கர்ப்பிணிகளுக்கு மினரல் வகை நிம்மதியான தேர்வு. சில கெமிக்கல் ஃபில்டர்கள் ரத்தத்தில் சிறிதளவு கலப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆய்வுகள் காட்டின. கலப்பதும் கெடுதி செய்வதும் ஒன்றல்ல, ஆனால் அவற்றில் ஒன்றான ஆக்ஸிபென்ஸோன் இல்லாத எத்தனையோ டியூப்கள் கிடைக்கும்போது அது உள்ளதைத் தேர்ந்தெடுக்க அவசியமும் இல்லை. ஆறு மாதத்துக்குக் கீழான குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலும் துணியும்தான்.

டியூப்பை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்காதீர்கள். சூட்டில் கலவை பிரியும். பிதுக்கும்போது தண்ணீர் முதலில் வந்து பிறகு கட்டியாக வந்தால், காலாவதித் தேதி பாக்கி இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

கடைசியாக, சன்ஸ்கிரீன் மங்கைக் கரைக்காது. புதிதாகக் கருக்காமல் நிறுத்தும், மருந்து வேலை செய்ய இடம் கொடுக்கும். இரண்டு விரல் அளவில், நிறமி கலந்ததை, மூன்று மாதம் விடாமல் போட்டும் மாற்றம் இல்லையென்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் மங்குக்கு என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கிரீம் பெரும்பாலும் ஹைட்ரோகுயினோன், ட்ரெடினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்தது. சில வாரம் பளிச்சென்று ஆக்கும். மருத்துவர் கண்காணிப்பில்லாமல் தொடர்ந்தால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, வெயில் பட்டாலே எரியும் நிலைக்கு வரும். நிறுத்தினால் மங்கு முன்னைவிட அடர்த்தியாகத் திரும்பலாம். அப்படி ஒன்றை ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் சட்டென்று விடாமல், அந்த டியூப்பையும் இப்போது போடும் மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். பெயரை வாயால் சொல்வதைவிட டியூப்பின் பின்புறத்தைக் காட்டினால் அவருக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.